ரீமின் வாய்க்கு ஒத்துப்போன பிட்

அந்த மாதத்தில் ரீம் முதுகிலிருந்து கீழே தள்ளிய மூன்றாவது பிள்ளை அது. நல்லவேளை, கீழே மணல். அடி இல்லை. பிள்ளை அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடியது. ஷீலா மேடம் நேராக என்னிடம் வந்தார்.

துபாயில் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் பாணிக் குதிரையேற்றம் சொல்லித்தரும் கிளப் அது. மேடம் அங்கே கோச், பாலக்காட்டுக்காரர். நான் அறந்தாங்கிக்காரன், பதினோரு வருஷம் அங்கே குதிரைகளைக் கவனித்தவன். என் பொறுப்பில் இருந்த ஆறு குதிரைகளில் ரீம் ஒன்று, பழுப்பு நிறப் பெண்குதிரை.

"முத்தையாண்ணே, வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம். இவ தலையைத் தூக்கி ஆட்டுறதை நிறுத்தலைன்னா வித்துடுவேன்னு ஓனர் சொல்லிட்டார்."

ஆறில் என் செல்லம் இவள்தான். கேரட்டைத் தின்று முடித்த பிறகும் என் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பாள். பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுக் கிடந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள்.

கடிவாள வாரைப் பிடித்து இழுத்தாலே வாயைத் திறந்து தலையைத் தூக்குகிறாள் என்றால் கோளாறு பிட்டில்தான். பிட் என்பது கடிவாளத்தில் வாய்க்குள் போகும் இரும்பு. அவளுக்கு மாட்டியிருந்தது நடுவில் ஒரே மூட்டு உள்ள, ஸ்னாஃபிள் என்கிற வகை. இரண்டு வாரையும் சேர்த்து இழுத்தால் பாக்குவெட்டி மாதிரி மடங்கி நாக்கை நெரிக்கும், மூட்டு அண்ணத்தில் போய் முட்டும். அப்படி மடங்கி முட்டாத, இரண்டு மூட்டு வைத்ததை மாட்டலாம் என்றேன். மேடமும் சரி என்றார்.

அங்கேதான் என் அதிபுத்தியைக் காட்டினேன். எங்கள் வீட்டில் எப்போதும் மாடு உண்டு. மூக்கணாங்கயிறு மெலிசாக இருந்தால் அறுக்கும், தடிமனாக இருந்தால் மாட்டுக்குச் சுகம். அதே கணக்கைக் குதிரைக்கும் போட்டு, அலமாரியில் இருந்த இரண்டு மூட்டு பிட்களில் ஆகத் தடிமனானதை எடுத்து மாட்டினேன். ரீம் வாயை மூடவே இல்லை.

"என்னண்ணே, முன்னைக்கு இப்ப மோசமா இருக்கே?" என்றார் மேடம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையை வியாழக்கிழமை காலையில்தான் செய்தேன். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் குதிரைக்குப் பல் இல்லாத இடைவெளி வழியாக விரலை விட்டுப் பார்த்தேன். சதைப்பற்றான நாக்கு, தாழ்ந்த அண்ணம், நடுவில் இடமே இல்லை. அதற்குள் போய் நான் அத்தனை பெரிய இரும்பைத் திணித்திருக்கிறேன். மடையன். மறுபடியும் அலமாரியைக் குடைந்து, அதே இரண்டு மூட்டில் மெலிசாக, நடுத்துண்டு வழவழவென்று இருந்த ஒன்றை எடுத்தேன். வாயோரத்தில் இரண்டு பக்கமும் கால் இஞ்சு விட்டுச் சரியாக உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் நாக்கால் உருட்டிப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு மெல்ல மென்றாள், பிட் பிடித்துப்போனதற்கு அடையாளமாக உதட்டில் நுரை கட்டியது. "அடி என் தங்கமே" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, விழுந்த அதே பிள்ளை அவள்மேல் உட்கார்ந்து மூன்று சுற்று வந்தது. ரீமை விற்கவில்லை.

கடைசியில் நான்தான் அவளை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். முழங்கால் கைவிட்டது, விசாவைப் புதுப்பிக்கவில்லை. என் இடத்துக்கு மீமிசல்காரன் ரபீக் வந்தான். இப்போது அறந்தாங்கியில் மகனுடைய கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே இருந்தபோது வீட்டுக்காக ஏங்கினேன். இங்கே வந்து அவளுக்காக ஏங்குகிறேன். என் பெண்டாட்டிக்கும் இது தெரியும், கேலி பண்ணுவாள்.

போன வாரம் ரபீக்குக்குப் போன் போட்டேன். "ரீம் எப்படிப்பா இருக்கா? என்னையத் தேடுறாளா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. நல்லாத் திங்கிது. புதுசா வர்ற பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுக்குறாங்க. யாரு வாரைப் பிடிச்சாலும் பேசாமப் போகுது."

தேடுது என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் பாவி.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிட்டின் தடிமனைப் பார்க்குமுன் குதிரையின் வாயைப் பாருங்கள். சரியான பிட் என்றால் யார் கையிலும் குதிரை வலியில்லாமல் போக வேண்டும், மாட்டிவிட்டவனைத் தேடி நிற்கக் கூடாது. ரீமுக்கு நான் மாட்டியது சரியான பிட்தான்.