வச்சிரம் தின்ற மணி

எதிர்வீட்டு ஆசாரி வச்சிரப் பசை காய்ச்சுகிறார். எலும்புச்சாறு போன்ற அந்த வாசனை என்னைச் சிறுவயதுச் சோமனூருக்கு இழுத்துப் போகிறது.

தூரத்து மழைபோலத் தறிச் சத்தம். அப்பா கட்டில்கால் ஒட்டுவதற்காக வைத்திருந்த பசையை எங்கள் நாய் மணி நக்கித் தீர்த்துவிட்டது. அம்மா உப்புத்தண்ணீர் கலக்கினாள்.

"ஏனுங்க, கக்க வெச்சுப்போடலாங்க."

"வேண்டாம் அம்மணி, தொண்டைல ஒட்டிக்கும்."

நாய் உரசினாலே வேட்டி மாற்றும் அப்பா, மணியை மடியில் கிடத்திக்கொண்டு சூலூர் மாட்டாஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனார். பசைச் சட்டியையும் மறக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்து கொடுத்தாராம்.

சாயங்காலம், பசையும் நாய்முடியும் ஒட்டிக் காய்ந்த வேட்டியைத் துவைக்கக் கேட்டாள் அம்மா.

"இரு அம்மணி," என்று கிசுகிசுத்தார் அப்பா. "மடியில தூங்கறான்."

ஆசாரியை எட்டிப் பார்க்கிறேன். "சட்டிய மூடி வைங்க."