அந்த மூன்றாவது பிள்ளை

இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. அப்போது நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் பழுகாமத்தில் இருந்தேன். அது என் மனைவியின் ஊர். எங்கள் பக்கத்தில் கல்யாணமானதும் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். மனைவியின் அக்காள் வீடும் அதே வளவுக்குள் இருந்தது. எனக்கு முப்பது வயது. உடம்பில் பலமும் வாயில் கொழுப்பும் இருந்த காலம்.

எங்களுக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது என் மனைவி எட்டாம் மாதம் வரை வட்டையில் வந்து நின்று நெல் அறுக்கும் வெட்டுக்காரருக்குச் சமைத்துப் போட்டாள். வட்டை என்றால் எங்கள் வயல்வெளி. ஊரிலிருந்து மூன்று கட்டை, அதாவது மூன்று மைல் தூரம். இரண்டாவது பெண். அதற்குக் கொஞ்ச நாள் ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள், மாங்காய்க்கும் உப்புக்கும் ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். காலையில் நெல்லுக் குத்திவிட்டுப் போய்ப் படுத்தாள், பகல் சாப்பாட்டுக்குள் பிள்ளை பிறந்துவிட்டது. நான் இதை ஏதோ என் கெட்டித்தனம் மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மற்றவர்களின் மனைவிமார் முடியவில்லை என்று படுத்தால், "என்ட பொஞ்சாதியப் பார்" என்பேன்.

மூன்றாவது தொடக்கத்திலிருந்தே வேறு மாதிரி இருந்தது. ஐந்தாம் மாதம் முடியும் வரை சத்தி நிற்கவில்லை. முன்பு விரும்பித் தின்ற இறால் கறியின் வாசம் வந்தாலே எழுந்து வேலிப்பக்கம் ஓடுவாள். பிறகு கால் வீங்கியது. தைப்பொங்கலுக்கு மறுநாள் தலையிடி என்று சொன்னாள். அதன் பிறகு தலையிடி அவளை விடவே இல்லை. கைவளையல் இறுகிப்போய்க் கழற்ற முடியாமல் எண்ணெய் பூசிக் கழற்றினாள். இத்தனையும் என் கண் முன்னால்தான் நடந்தது.

மாசியில் அறுவடை வந்தது. நாளைக்கு வட்டைக்குப் போக வேண்டும், ஆயத்தப்படுத்து என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அதைக் கேட்டு அவளுடைய அக்காள் முற்றத்தைக் கடந்து வந்தாள்.

"மச்சான், இவளுக்கு இந்தத் தரம் உடம்பு வேற மாதிரிக் கிடக்கு. முகத்தைப் பாருங்க, எப்படி ஊதிக் கிடக்கு. மருத்துவிச்சியும் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னா. நான் வாறன் சமைக்க. இவள் வீட்ட கிடக்கட்டும்."

"ஏன், மத்த ரெண்டையும் இவள்தானே சுமந்தவள்? அப்ப வராத நோவு இப்ப எங்கயிருந்து வந்தது?" என்றேன். "நடிப்புக்கும் ஒரு அளவு வேணும் மச்சாள்."

என் மனைவி உள்ளே போய்ச் சட்டிபானைகளைக் கட்டத் தொடங்கினாள். பிள்ளைகள் இருவரையும் அக்காளிடம் விட்டுவிட்டு விடியற்காலையில் வண்டிலில் போனோம். வழி நெடுக அவள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

வட்டையில் எங்கள் வாடி, ஓலையால் வேய்ந்த சின்னக் குடிசை. முதல் நாள் எப்படியோ சமைத்துவிட்டாள். இரண்டாம் நாள் காலையில் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு வெட்டுக்காரர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கருகிய வாசம் எனக்கு அவமானமாகப் போயிற்று. என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அவர்கள் முன்னாலேயே கேட்டேன்.

"கோவிக்காதீங்க. கண்ணுக்குள்ள பூச்சி பறக்கிற மாதிரிக் கிடக்கு. சட்டி ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றாள்.

"நல்லதாப் போச்சு. ரெண்டு சட்டியிலயும் சமைச்சா எல்லாரும் வகுறு நிறையத் தின்னலாம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, சிரிக்கவைத்தவன் நான். அவளும் தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரித்தாள். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அவள் சிரித்தாள் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

அன்று வெயில் உச்சிக்கு வருவதற்கு முன் வாடிப் பக்கத்திலிருந்து கூப்பிடும் சத்தம் கேட்டது. எங்கள் வயலுக்கு அடுத்த வயல் காத்தான்குடியைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவருடையது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அவர்கள் வழக்கப்படி அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடுவேன். அவர்தான் தண்ணீர் குடிக்க வாடிக்கு வந்தபோது அவளைக் கண்டிருக்கிறார். நான் ஓடிப்போனபோது அவள் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரையும் இரத்தமும். கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை எதிலும் நிற்கவில்லை. காக்கா தன் தோள்துண்டைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் வைத்துப் பிடித்திருந்தார்.

நான் அப்படியே நின்றேன். பேய் பிடித்துவிட்டது, பூசாரியைக் கூப்பிட வேண்டும் என்று ஏதோ உளறினேனாம். அது எனக்கு நினைவில்லை.

"பூசாரிட்டப் போக நேரமில்ல தம்பி. ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். ஓடிப்போய் மாட்டப் பூட்டுங்க" என்றார். எங்கள் மாடுகள் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. அவருடைய வண்டில் நெல் மூட்டை ஏற்றி ஊருக்குப் புறப்படத் தயாராக நின்றது. நான் சொல்ல முன்னமே அவர் மூட்டைகளைச் சேற்று வரம்பிலேயே தள்ளிவிடச் சொன்னார். வைக்கோல் பரப்பி அவளை ஏற்றினோம். மாட்டை அவரே அடித்து ஓட்டினார். அவள் தலை என் மடியில் இருந்தது. வழியில் இன்னொரு தரம் வலிப்பு வந்தது.

துறையில் தோணியில் ஏற்றி வாவியைக் கடந்தோம். அக்கரையில் காக்காவின் மைத்துனர் ஒருவர் எங்கோ போய் ஒரு காரைக் கொண்டுவந்தார். அவர்கள் பேசினார்கள், ஓடினார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சொன்ன இடத்தில் ஏறினேன், சொன்ன இடத்தில் இறங்கினேன்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோன பிறகு டொக்டர் என்னை மேசைக்கு முன்னால் நிற்க வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். இளவயதுக்காரர், யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"கால் வீக்கம் எப்ப தொடக்கம்?"

"மார்கழி கடைசியில ஐயா."

"முகம்?"

"பொங்கலுக்குப் பிறகு."

"தலையிடி?"

"பொங்கலுக்கு மறுநாள். பிறகு ஒவ்வொரு நாளும்."

"கண் பார்வையில ஏதாவது வித்தியாசம் சொன்னவவோ?"

"பூச்சி பறக்கிற மாதிரி எண்டா. இண்டைக்குக் காலையில எல்லாம் ரெண்டாத் தெரியுது எண்டா."

ஒரு கேள்விக்கும் நான் யோசிக்கவில்லை. நாளும் கிழமையும் பிசகாமல் சொன்னேன். டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கிறீர்" என்றார். அவ்வளவுதான்.

"மற்ற ரெண்டும் சுகமாப் பொறந்தது ஐயா. அதால..." என்று இழுத்தேன்.

"மற்ற ரெண்டும் மற்ற ரெண்டு. இது வேற பிள்ளை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பக்கத்தில் நின்ற காக்காவும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. காலையில் நான் என்ன பதில் சொன்னேன் என்று டொக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

மறுநாள் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. அவள் பிழைத்தாள். ஆனால் ஐந்து நாளைக்கு அவளுக்குக் கண் தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்றாள். பார்வை திரும்பி வரும், பயப்பட வேண்டாம் என்றார் டொக்டர். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அவள் பிள்ளை எங்கே என்று கேட்டாள். சொன்னேன்.

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். நான் ஏதேதோ சொன்னேன். அவள் திரும்பவில்லை.

பார்வை வந்து வீட்டுக்கும் வந்தோம். அவள் என்னைத் திட்டவில்லை, பழி சொல்லவில்லை. தேவைக்கு மட்டும் பேசினாள். சோறு போட்டாள், பிள்ளைகளைப் பார்த்தாள். சேற்றில் கிடந்து கெட்டுப்போன நெல்லைப் பற்றிக் காக்காவும் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. நானாகப் பேச்சை எடுத்தபோது, "புள்ள எப்படி இருக்கு?" என்று என் மனைவியைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். ஒருவராவது என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி அவள் உண்டானாள். மாதம் தவறாமல் வாவியைக் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அறுவடைக்கு வட்டைப் பக்கமே வரவிடவில்லை. ஆனால் அந்தத் தரம் அவளுக்கு ஒன்றுமே இல்லை. கால் வீங்கவில்லை, தலை இடிக்கவில்லை. முகம் பளிச்சென்று இருந்தது. இறால் கறியை இரண்டு தரம் போட்டுத் தின்றாள். அதையும் நம்பமாட்டாமல் ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, தலை இடிக்கிறதா, கண் நன்றாகத் தெரிகிறதா என்று கேட்பேன். அவள் இல்லை, ஓம் என்று பதில் சொல்வாள்.

ஏழாம் மாதத்தில் ஒரு நாள் அப்படிக் கேட்டபோது, நெல்லுப் புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"அப்ப ஒருக்காக் கேட்டிருந்தாப் போதும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. திரும்பவும் சுளகை எடுத்துப் புடைக்கத் தொடங்கினாள். இத்தனை வருட வாழ்க்கையில் அதைப் பற்றி அவள் என்னிடம் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான்.

அந்தப் பிள்ளை சுகமாகப் பிறந்தான். அவனுக்குப் பிறகும் ஒரு பெண் பிறந்தாள். அவளைச் சுமந்தபோது வேறு விதமான கஷ்டங்கள். என் மனைவி காலமாகி இப்போது சில வருடங்களாகின்றன. எங்கள் மகள்மார் தங்கள் பிள்ளைப்பேறுகளைப் பற்றிப் பேசும்போது, மூத்ததற்கு இப்படி இருக்கவில்லையே என்று யாராவது சொன்னால், நான் அந்த இடத்தில் இருக்க முடியாமல் எழுந்து போய்விடுகிறேன். வெட்டுக்காரர்களைச் சிரிக்கவைத்தேனே, அந்தச் சிரிப்பில் அவளும் சேர்ந்துகொண்டாளே, அதை நினைக்கும்போது இந்த வயதிலும் என் தலை தானாகக் குனிகிறது.