ஒருவர் இருந்த ஊர்

எங்கள் ஊருக்கு வழி கேட்பவர்களிடம் என் அண்ணன் அவர்கள் சொல்வது இதுதான்: திருப்பத்தூரில் பஸ் ஏறி எதிர்க்கரை ஊரில் இறங்கி, கண்மாய்க் கரைமேல் நடந்தால் மலை வந்து மறிக்கும்; அங்கே நின்றுவிட வேண்டும். மேற்கே மலை, கிழக்கே கண்மாய், நடுவில் ஒரே தெரு. அங்கேதான் அண்ணன் பிறந்தார், அங்கேயே கண் மூடினார்.

கண்மாய் வெட்டியபோது முதல் மண்கூடையைத் தூக்கியவர்கள் எங்கள் ஊரார் என்பது வழிவழி வந்த பேச்சு. அதனால் கோடையில் தண்ணீர் வற்றி மீன் பிடிக்கும் நாளில், எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசிய பிறகே எதிர்க்கரைக்காரர்கள் இறங்குவார்கள்.

பெருமைக்குக் குறைவில்லை, பள்ளிக்கூடமும் ரோடும்தான் இல்லை. ஒவ்வொரு குடும்பமாகக் காரைக்குடிக்கும் சிங்கப்பூருக்கும் போனது. அண்ணியும் காலமானபின் ஊரில் அண்ணன் மட்டுமே. பிள்ளைகளும் இல்லை. உடம்புக்கு ஒன்றென்றால் யார் பார்ப்பது என்று நான் போனில் அழாத நாளில்லை. பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆளா?

"நானும் வந்துட்டா ஊருன்னு சொல்ல என்ன தாயி இருக்கு?" என்பார்.

பேச ஆளில்லாமல் ரேடியோச் செய்தியோடு சண்டை போடுவார். அதையும் போனில் கேட்டிருக்கிறேன்.

சென்ற கோடையில் அண்ணன் படுத்துவிட்டார். மீன்பிடி நாளில் கரை நிறையக் கூட்டம் கூடியும் ஒருவரும் இறங்கவில்லையாம். எதிர்க்கரைப் பெரியவர் ஆட்களோடு வந்து அண்ணனைக் கட்டிலோடு தூக்கிப்போய்க் கரையில் வைத்திருக்கிறார். படுத்தபடியே துண்டை வீசினாராம். அந்த வாரமே காலமானார்.

நான் போனபோது வீடு கொள்ளாமல் எதிர்க்கரை ஆட்கள். பாடை கட்டியதும் சுமந்ததும் அவர்கள்தான். ஒற்றை மனிதருக்காக ஏன் இத்தனையும் என்று பெரியவரிடம் கேட்டேன்.

"ஒருத்தர் இருந்தாலும் ஊரு ஊருதானே தாயி. அவுக வீசாம நாங்க எப்படி எறங்குறது?" என்றார்.

இந்தக் கோடையில் என்னை அழைத்துத் துண்டைக் கையில் கொடுத்தார்கள். வலையோடு எல்லோரும் என்னையே பார்த்து நின்றார்கள். நான் மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். தெருவில் எல்லாக் கதவும் பூட்டிக் கிடந்தது. நான் வாழ்க்கைப்பட்டுக் காரைக்குடிக்காரியாகிப் பல காலம். மனசு கேட்கவில்லை.

"இனிமே எங்க ஊருல ஆளில்லய்யா. நீகளே எறங்கிக்கிருங்க" என்று துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அவர்கள் உடனே இறங்கவில்லை. வெயிலில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்கள்.

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளில், அன்று இறுதிச் சடங்குக்கு வந்த உறவினர், நண்பர் அனைவருக்கும் என் வணக்கம். தனியொரு மனிதராக இருந்த என் அண்ணனை ஓர் ஊராக மதித்த எதிர்க்கரை மக்களுக்கு, எங்கள் ஊரின் கடைசி நன்றி.