வெள்ளிக்கிழமை வெட்டிய நகம்

பத்து விரலில் எட்டை வெட்டி முடித்திருந்தேன். ஒன்பதாவது, வலக்கை மோதிர விரல். அவருக்கு இருமல் வந்ததா, என் கை தவறியதா என்று இன்றைக்கும் தெரியாது. நகவெட்டி சதையைக் கவ்விவிட்டது. வெள்ளைத் துவாயில் இரத்தம்.

மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்த பிரான்ஸ்காரப் பெண்மணி அவர். வயதானவர்களுக்கு அவர்கள் வீட்டுக்குப் போய் உதவுவது என் வேலை. அவரிடம் வாரத்தில் மூன்று நாள். நாற்பது வருடம் மேடைகளில் பியானோ வாசித்தவர். பதினைந்து வயதில் பாரிஸுக்குப் போய்ப் படித்தது, பரிசு வாங்கியது, ஊர் ஊராகப் பறந்தது எல்லாம் சுவர்களில் சுவரொட்டிகளாகத் தொங்கின. கல்யாணம் கட்டி மொன்றியலுக்கு வந்தவர், கணவர் போன பிறகும் இங்கேயே இருந்துவிட்டார். மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் அவருடைய கடைசிக் கச்சேரி. கடைசி என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டார்கள்.

பியானோவுக்கு அவருக்குக் கண் தேவையில்லை, எல்லாம் மனப்பாடம். நகவெட்டிக்குத்தான் கண் வேண்டும், அது மங்கிவிட்டது. முதல் நாளே நகத்தை ஒட்ட வெட்டாவிட்டால் பியானோக் கட்டையில் நகம் தட்டுகிற சத்தம் கேட்குமாம். யாருக்கும் நகம் வெட்டக்கூடாது என்பது எங்கள் வேலையின் விதி. வெள்ளிக்கிழமையில் வெட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. இரண்டையும் மீறினேன். அவர் கேட்டால் மறுக்க எனக்கு வாய் வராது. இந்த ஊரில் எல்லோரும் எடுத்த எடுப்பில் 'நீ' என்று பிரெஞ்சு பேச, அவர் மட்டும் என்னை 'நீங்கள்' என்பார்.

பஞ்சு எடுக்கிற சாட்டில் குளியலறைக்குள் போய், ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டில் இருக்கும் அக்காவை அழைத்தேன்.

"அக்கா, அந்த மனிசியின்ர விரலை வெட்டிப்போட்டன்."

"துண்டாயோ?"

"இல்லை, நகக்கண்ணில. நாளைக்குக் கச்சேரி அக்கா. பயமாக் கிடக்கு."

"உனக்கென்ன விசரே? வெள்ளிக்கிழமையில ஆரும் நகம் வெட்டுவினமே?"

ஆறுதலுக்கு அவளை அழைத்தது என் பிழை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. வேலை போனால் வேறு வேலை தேடலாம், அவருக்கு வேறு கடைசிக் கச்சேரி ஏது?

திரும்பி வந்தபோது இரத்தம் நின்றிருந்தது. காயம் ஓர் அரிசி அளவுகூட இல்லை. அவர் தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். பேசியது பிரெஞ்சில்தான், என் நினைவில் எங்கள் தமிழாகவே கிடக்கிறது.

"மண்டபத்துக்காரருக்கு எடு. ஆழமான வெட்டு, வாசிக்க ஏலாதெண்டு நீ சொல்லு."

முதல் தடவையாக 'நீ'. நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் கோபம் இல்லை. உதடு வெளிறி நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் பயந்தது விரலுக்காக அல்ல, மேடைக்காக. நான் அவருக்கு வாசிக்காமல் தப்ப நல்லதொரு சாட்டு வெட்டிக் கொடுத்திருந்தேன்.

இலக்கங்களை அழுத்தினேன். "சின்னக் காயம்தான். நாளைக்கு வருவா," என்று சொல்லி வைத்துவிட்டேன். அதை நேர்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். கச்சேரி நின்றால் அந்தப் பழி ஆயுள் முழுக்க என் தலையில் கிடக்கும் என்ற பயம், அவ்வளவுதான். அவர் தொலைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, மிச்சமிருந்த சின்ன விரல் நகத்தை வெட்டக் கையை நீட்டினார்.

மறுநாள் மேடையின் பக்கவாட்டில், திரைக்குப் பின்னால் நின்றேன். அவர் விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை உரித்து என் கையில் தந்துவிட்டுப் போனார். ஒன்றரை மணி நேரம் அந்த ஒற்றை விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது தடுமாறுமோ, சிவக்குமோ என்று பார்த்துப் பார்த்து என் கழுத்து விறைத்துப்போனது. கடைசியில் சனம் எழுந்து நின்று கைதட்டியபோதுதான் முடிந்துவிட்டதென்றே விளங்கியது.

உள்ளே வந்தவர் என் கையைப் பிடித்தார். ஐஸாகக் குளிர்ந்திருந்தது அவருடைய கை.

"எப்பிடி இருந்தது?"

"தெரியாது மடாம். பயத்தில எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். கையை விடாமல் என்னையே பார்த்தார்.

"எனக்கும் கேக்கேல்லை," என்றார். "நாப்பது வருசமா ஒரு நாளும் கேக்கேல்லை."