அடித்துவிட்ட வரி

அந்த நோட்டின் அட்டை எப்போதோ போய்விட்டது. தாள்கள் பழுப்பேறி, ஓரங்கள் தொட்டால் உதிர்கின்றன. ஊதாப் பென்சில் எழுத்து மட்டும் மங்கவில்லை. நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகப் பதிகிற பென்சில் அது. எழுதி முடிப்பதற்குள் உதடெல்லாம் கறையாகிவிடும். நோட்டின் நடுப்பக்கம் ஒன்றில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "மகளே, கலங்காதே. சம்பா அறுவடைக்கு முன்னே அவன் உன் வாசற்படியில் நிற்பான்." அதன்மேல் குறுக்கே ஒரு கோடு. வரியை எழுதியதும் நான்தான், கோட்டை இழுத்ததும் நான்தான். அதில் வருகிற 'அவன்' என் வீட்டுக்காரர்.

போன மாதம் எங்கள் சபையின் இளம் போதகர் வந்து அந்த நோட்டைக் கேட்டார். சபைக்கு மலர் ஒன்று போடுகிறார்களாம், முதல் பக்கத்தில் அந்த வரியைப் படமாகப் போட வேண்டுமாம். "கோடு ஒரு பிரச்சினையே இல்லீங்க பாட்டி, கம்ப்யூட்டர்ல எடுத்துடலாம்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று மோர் கொடுத்து அனுப்பினேன்.

இன்றைக்குக் காரைக்கால் பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்தால் சுவருக்கு ஒரு அப்போஸ்தலர், கம்பத்துக்கு ஒரு தீர்க்கதரிசி என்று போஸ்டர்களில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பலருக்குப் பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டமும் உண்டு. என் பேரனின் கைப்பேசியில் தினம் காலை ஆறு மணிக்கு ஒரு தீர்க்கதரிசனம் வந்து விழுகிறது. எல்லாமே நல்ல செய்திதான், ஒருவருக்கும் ஒரு குறையும் வராது. நான் குறை சொல்லவில்லை. ஆறுதல் வேண்டாதவர் யார்? ஆனால் எனக்குத் தெரிந்த தீர்க்கதரிசி அப்படி இல்லை.

பிரெஞ்சுக்காரர் ஆட்சி முடிகிற காலம் அது. எங்கள் சபை முப்பது பேருக்கு மேல் இராது. மரைக்காயர் ஒருவர் தம் நெல் கிடங்கின் முன்பகுதியை ஞாயிறு காலைகளில் எங்களுக்கு விட்டுக் கொடுத்திருந்தார். தவிட்டு வாசனைக்கு நடுவே கோரைப்பாயில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்காருவோம். கடலோரமாக ஏழெட்டு ஊர்களில் இப்படிச் சிறு சபைகளை உண்டாக்கி, துணிப்பையோடு ஊர் ஊராக வந்து போய்க்கொண்டிருந்தவரை நாங்கள் ஐயா என்போம். அவர் செய்தது அப்போஸ்தல ஊழியம்தான். அந்தப் பெயரால் கூப்பிட்டால் முகம் சுளிப்பார். சபையில் யார் தீர்க்கதரிசனம் சொன்னாலும் எழுதி வைக்க வேண்டும், நிதானித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும் என்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்தி என்பதால் நோட்டு என்னிடம் வந்தது.

தீர்க்கதரிசனம் சொல்பவர் வரிச்சிக்குடியிலிருந்து நடந்தே வருகிற ஒரு விதவை. அவரைத் தீர்க்கதரிசியம்மா என்போம். வாரத்தில் ஆறு நாள் நடவு, களையெடுப்பு, கதிரறுப்பு. ஏழாம் நாள் வெளுத்த சேலையோடு எங்கள் பாயில் வந்து உட்காருவார். எழுத்து வாசனை கிடையாது. கண்ணை மூடி, வலது கையைப் பாயில் ஊன்றி வெகுநேரம் காத்திருப்பார். பெரும்பாலும் கண்ணைத் திறந்து, "இன்னிக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிடுவார். அதையும் எழுதச் சொன்னார் ஐயா. நோட்டைப் புரட்டினால் தீர்க்கதரிசனத்தைவிட 'இன்று ஒன்றும் இல்லை' என்ற வரிதான் அதிகம். எனக்கு அப்போது இது வேடிக்கையாகக்கூட இருந்தது.

என் வீட்டுக்காரர் சொல்தா. பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கல்யாணமான எட்டாம் மாதம் அவரை வியட்நாமில் சைகோன் பக்கம் சண்டைக்கு அனுப்பினார்கள். ஒரு வருஷம் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. படை ஆபீசில் விசாரித்ததற்கு, காணாமற்போனவர் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று ஒரு தாளை நீட்டினார்கள். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் பொட்டு வைத்துக்கொள்வது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் என்னையறியாமல் சபையிலேயே உடைந்து அழுதுவிட்டேன். அன்றைக்குத்தான் தீர்க்கதரிசியம்மா கையை ஊன்றிய மாத்திரத்தில் அந்த வரியைச் சொன்னார். அழுதுகொண்டே எழுதினேன்.

அதற்கு முன்பே ஐயா எனக்காக அலைந்து, நாகப்பட்டினத்தில் ஆசிரியப் பயிற்சிக்கு ஓர் இடம் வாங்கி வைத்திருந்தார். புருஷன் வராமலே போனால் என் காலில் நான் நிற்க வேண்டும் என்ற கவலை அவருக்கு. தீர்க்கதரிசனம் கிடைத்த சந்தோஷத்தில் எனக்குப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் வருகிறபோது நான் வீட்டில் இல்லாமல் வேறு ஊரில் இருப்பதா? வாசற்படி என்றுதானே சொல்லியிருக்கிறது. இந்தப் பேச்சு யார் வழியாகவோ வரிச்சிக்குடிக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஞாயிறு ஐயாவும் வந்திருந்தார். ஜெபம் தொடங்குவதற்கு முன்பே தீர்க்கதரிசியம்மா எழுந்து நின்றார். என்னைப் பார்க்காமல் ஐயாவைப் பார்த்துச் சொன்னார்:

"ஐயா, அன்னிக்கு இந்தப் புள்ளைக்கு நான் சொன்னது கர்த்தர் சொன்னதில்லீங்க. எனக்கு ஒண்ணுமே கேக்கல. அது அழுவுறதப் பாத்து மனசு தாங்காம என் ஆசைய நான் பேசிட்டேன். அத அடிச்சிடச் சொல்லுங்க."

ஐயா என் பக்கம் திரும்பி, "அடிச்சிடும்மா" என்றார். பென்சிலை நாக்கில் தொட்டேன். அந்தக் கசப்பு இன்றும் நாக்கில் இருக்கிறது. கோடு கோணலாகத்தான் போயிருக்கிறது. என் கையாலேயே என் புருஷனைக் கொன்றுவிட்டது போல இருந்தது எனக்கு.

இனி சபையில் வாய் திறக்க மாட்டேன் என்று அந்த அம்மாளே சொல்லிவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து செருப்புகள் கழற்றிப் போடுகிற வாசலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அடக்க முடியாத கோபம். பொய் சொன்னதற்காக அல்ல. அதைப் பொய் என்று சொன்னதற்காக. விட்டிருந்தால் அறுவடை வரைக்குமாவது நிம்மதியாக இருந்திருப்பேனே என்று நினைத்தேன். பிறகு வேறு வழியில்லாமல், பிரெஞ்சு எல்லைச் சாவடியில் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தேன். விடுமுறை ஞாயிறுகளில் சபைக்கு வந்தபோதும் அவரைத் தாண்டிப் போவேனே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐப்பசியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. மார்கழிக் கடைசியில், வயலெல்லாம் கதிர் சாய்ந்து நிற்கும்போது, என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். சண்டையில் பிடித்து வைத்திருந்தவர்கள் விடுவித்த பிறகு, ஆஸ்பத்திரியில் கிடந்து, கப்பலேறி வந்திருக்கிறார். பாதி ஆளாகத்தான் வந்தார். நானும் விடுமுறைக்கு வந்திருந்தேன். கதவைத் தட்டவில்லை, சும்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

சபை கொண்டாடியது. தீர்க்கதரிசனம் பலித்துவிட்டது, அந்த அம்மாள் தாழ்மையால்தான் அப்படிச் சொல்லிவிட்டார் என்றார்கள். நானும் அதைத்தான் நம்பினேன். அந்த ஞாயிறு அவரை வாசலோரத்திலிருந்து கைப்பிடித்து முன்னே அழைத்து வந்தார்கள். ஐயா நோட்டைக் கேட்டு வாங்கி, அந்த வரியை மறுபடியும் கீழே எழுதிவிடலாமா என்று கேட்டார். அந்த அம்மாள் என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றார். கதிரறுத்துக் காய்த்த கையால் அவர் முகவாயைத் தொட்டு நிமிர்த்தி வெகுநேரம் பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது.

"இந்த மொகத்த நான் இன்னிக்குத்தாங்க பாக்குறேன்" என்றார். "வந்தது கர்த்தரோட கிருபை. ஆனா கேக்காததக் கேட்டேன்னு சொன்னேன் பாருங்க, அது பொய்யிதானே? நடந்துட்டா பொய்யி நெசமாயிடுமா?"

ஐயா நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். அந்த அம்மாள் மறுபடியும் வாசலோரம் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு ஜெபம் முடிந்ததும் நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பயிற்சி எப்போது முடிகிறது என்று அவர்தான் கேட்டார். பாதியில் விட்டுவிடாதே தாயி என்றார். விடவில்லை. என் வீட்டுக்காரரின் உடம்பு வேலைக்குத் தேறவே இல்லை. முப்பது வருஷம் எங்கள் வீட்டு அடுப்பு என் பள்ளிக்கூட வேலையில்தான் எரிந்தது.

நான்கு வருஷம் கழித்து, ஐயா மிகவும் கெஞ்சிய பிறகு, தீர்க்கதரிசியம்மா மறுபடியும் கையை ஊன்றிக் கண்ணை மூடினார். அன்றைய பக்கத்தில் 'இன்று ஒன்றும் இல்லை' என்றுதான் எழுதியிருக்கிறேன். அந்த வரியை எழுதும்போது எனக்கு எவ்வளவு தைரியமாக இருந்தது என்பதைச் சொல்லத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் விருந்தாளிகளிடம் நோட்டைக் காட்டி, "உசிரோட இருக்கும்போதே என்னய அடிச்சவங்க இவங்கதான்" என்று கேலி செய்வார். அவரும் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

நேற்று போதகர் மறுபடியும் வந்தார். கோட்டோடு போடுவதானால் நோட்டைத் தருகிறேன் என்றேன். கோட்டோடு போட்டால் பார்ப்பவர்களுக்கு விசுவாசம் குறையாதா என்று தயங்கினார். பிறகு, நல்ல பிள்ளை, மரியாதையாகவே கேட்டார்: "ஆனா அது அப்படியே நடந்துச்சேங்க பாட்டி?"

"நடந்துச்சு தம்பி" என்றேன். "ஆனா அவங்களுக்குக் கேக்கலையே."

போதகர் நோட்டை வாங்காமலே போன பிறகு அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்தேன். பிறகு நோட்டைத் துணியில் சுற்றி, என் வீட்டுக்காரரின் கடிதங்களோடு பெட்டியில் வைத்தேன்.