மேர்சி ஆன்ட்டியின் சுறா வறை

டெக்சஸின் கேட்டி நகரில் ஒரு தமிழ் வீட்டில் குழந்தை பிறந்தால் முதல் தகவல் ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போகும். அடுத்த தகவல் மேர்சி ஆன்ட்டிக்கு. சில வீடுகளில் இந்த வரிசை மாறியதும் உண்டு. ஆன்ட்டி உடனே கணவர் தியாகராஜாவைக் கிளப்பி, ஃப்ரீவே பிடித்து ஹூஸ்டன் மீன்கடைக்குப் போய், பிஞ்சுச் சுறாவாகப் பார்த்து வாங்கி வருவார். அதை அவித்து, முள் எடுத்து, பூப்போல உதிர்த்து, மிளகும் பூண்டும் துருவிய தேங்காய்ப்பூவும் சேர்த்து வறை வறுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நிற்பார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற யாழ்ப்பாணத்தில் கொடுப்பது அதுதான். கோயம்புத்தூர்க்காரியோ திருநெல்வேலிக்காரியோ, ஆன்ட்டியிடமிருந்து யாரும் தப்ப முடியாது. சைவம் என்று சொல்பவர்களுக்குப் பூண்டுக் குழம்பு கிடைக்கும். அதை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொடுப்பார்.

"அந்தா ஓடுறானே, அவன் கொழுகொழுவெண்டு இருக்கிறது என்ர சுறாவால" என்று பார்க்கில் விளையாடும் பிள்ளைகளைக் காட்டிப் பெருமையடிப்பார். அதில் வெட்கமெல்லாம் கிடையாது.

அப்பேர்ப்பட்ட மனுஷியின் ஒரே மகள் வதனி பிள்ளை பெற்றது இங்கிலாந்தில். மருமகன் ஜனார்த்தனனுக்கு ஆல்ப்ரிட்ஜ் என்ற ஊரில் டாக்டர் உத்தியோகம். லண்டனிலிருந்து வெகுதூரம், சந்தைக்குப் பேர்போன சின்ன ஊர். குழந்தை சொன்ன தேதிக்கு முன்பே அவசரப்பட்டு, ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆன்ட்டியும் அங்கிளும் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு விழுந்தடித்து வந்து சேர்ந்தார்கள். வந்து பார்த்தால், பேத்தி தொட்டிலில் பூனைக்குட்டி அளவில் கிடந்தாள். வதனியின் கண்கள் அழுதழுது வீங்கியிருந்தன.

பால் போதவில்லை. குழந்தையின் எடை இறங்கிக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவச்சி அன்று காலைதான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: வெள்ளிக்கிழமை திரும்ப நிறுத்துப் பார்ப்பேன், அன்றைக்கும் எடை ஏறாவிட்டால் பிள்ளையை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும். ஆன்ட்டி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "இதுக்கோ அழுறாய்? சுறா ஒண்டு கிடைச்சாக் காணும், வேற ஒண்டும் தேவையில்லை" என்றார்.

"அம்மா, ப்ளீஸ். நாட் தி ஷார்க் திங்" என்றாள் வதனி.

சுறாவுக்கு எங்கே போவது? லண்டன் தமிழ்க் கடைகளில் கிடைக்கும். ஆனால் ஜனார்த்தனன் அதற்காக ஒரு நாள் முழுக்க ரோட்டில் இருப்பதற்கு வதனி ஒப்பவில்லை. அப்போதுதான் தியாகராஜா அங்கிள் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஓய்வுபெற்ற என்ஜினியர், அச்சடித்த தாள் இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார். ஆல்ப்ரிட்ஜுக்கு முதல்முறை வருபவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்டியிலேயே இணையத்தில் தேடி எடுத்து வைத்திருந்தார். தேவாலயக் கோபுரத்தில் ஏறலாம், ஆற்றோரம் நடக்கலாம், பழைய சாமான் கடைகளைப் பார்க்கலாம், ஸ்கோன் என்ற பன்னும் கிரீமும் சாப்பிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அரசர்கள் காலத்திலிருந்து கூடும் சந்தை.

"சந்தையோ? அங்க மீன் இருக்குமோ?"

"மீன், சீஸ், மரக்கறி எல்லாம் எண்டு போட்டிருக்கு, மேர்சி."

அவ்வளவுதான். பயணக் களைப்பெல்லாம் எங்கே போனதோ, ஆன்ட்டி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். சந்தைச் சதுக்கம் அழகான இடம்தான். சுற்றிவரக் கோணல்மாணலான பழைய வீடுகள், நடுவில் கல் தூணில் மணிக்கூடு. ஆனால் சதுக்கம் முழுக்கக் கார்கள் நின்றன. மருந்துக்குக்கூட ஒரு கத்தரிக்காய் இல்லை.

அங்கிள் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். "வெள்ளிக்கிழமையில மட்டும்தானாம்."

"இண்டைக்குச் செவ்வாய்!"

"ஓம்."

ஆன்ட்டிக்கு வந்ததே கோபம். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். அங்கே சந்தை என்றால் விடிந்தால் சந்தைதான். நாள் பார்த்துக் கூடும் சந்தையை அவர் கண்டதில்லை. "சந்தையெண்டு பேரை வச்சுப்போட்டு உள்ளுக்க கார் விட்டு வச்சிருக்கினம்! என்ன விசர் ஊர் இது?" என்று நடுச்சதுக்கத்தில் நின்று தமிழில் சத்தம் போட்டார். நாயோடு போன ஒரு கிழவர் தொப்பியைத் தொட்டு, "குட் ஆஃப்டர்நூன்" சொல்லிவிட்டுப் போனார்.

சூப்பர்மார்க்கெட்டில் தேடினார். அங்கே பிளாஸ்டிக் தாளுக்குள் பத்திரமாக ஒட்டிய மீன்கள் இருந்தன, சுறா இல்லை. வெள்ளிவரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அதற்காக ஆன்ட்டி கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. மிளகும் மல்லியும் இடித்துப் பெட்டியில் கொண்டுவந்த சரக்குத்தூளில் பத்தியக் கறி வைத்தார், பூண்டு போட்டுப் பால் காய்ச்சினார், குழந்தைக்கு எண்ணெய் பூசிக் குளிப்பாட்டினார். பால் குடித்து முடித்ததும் பிள்ளையை வாங்கித் தன் மார்பில் போட்டுக்கொண்டு, மகளைத் தூங்க விரட்டினார். வதனி அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். ஆன்ட்டிக்கு அதெல்லாம் ஒரு வேலையாகவே படவில்லை. சுறா இல்லாமல் என்ன செய்து என்ன என்ற புலம்பலே வாயில் ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை வதனிக்குப் பொறுமை போய்விட்டது. "இட்ஸ் ஜஸ்ட் ஃபிஷ், அம்மா! நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் பயமா இருக்கு. ஸ்டாப்!"

ஆன்ட்டி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். அங்கிள் தேவாலயக் கோபுரம் ஏறப் புறப்பட்டிருந்தார்; கூடவே போனார். அவர் மேலே மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்க, இவர் கீழே தேவாலயத்துக்குள் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து வாய்விட்டே வழக்காடினார். "ஆண்டவரே, கேட்டியில எத்தினை வீட்டுப் பிள்ளையளுக்கு ஓடி ஓடிச் செய்தன். என்ர பிள்ளைக்குச் செய்ய மட்டும் என்ர கையைக் கட்டிப்போட்டு வேடிக்கை பாக்கிறீரோ? அந்தச் சின்னதைத் திரும்ப ஊசியும் குழாயுமாக் கிடக்க விடாதேயும். என்னால பாக்கேலாது." பூக்களைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து ஒரு கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆன்ட்டி அங்கிளோடு சதுக்கத்தில் நின்றார். கார்களெல்லாம் போய், கோடுபோட்ட துணிக்கூரைகள் எழுந்திருந்தன. ரொட்டி வாசம், மண் ஒட்டிய கிழங்கு, கூவி விற்கும் சத்தம். அவருக்கு உடம்பே சிலிர்த்தது. மீன்கடையில் சிவந்த கைகளோடு பருத்த பெண் ஒருத்தி நின்றாள். சுறா இருக்கிறதா என்று கேட்டதற்கு, அதெல்லாம் இங்கே விற்பதில்லை கண்ணே என்றாள்.

மகள், குழந்தை, பால் இல்லாதது எல்லாவற்றையும் ஆன்ட்டி உடைந்த குரலில் அந்த முன்பின் தெரியாதவளிடம் கொட்டித் தீர்த்தார். சுறாவுக்குத் தோல் சொரசொரவென்று இருக்கும், நடுவில் ஒரே மெத்தென்ற முள்தான் இருக்கும் என்று கையாலும் காட்டினார். மீன்காரி யோசித்துவிட்டு, பின்பக்கப் பெட்டியிலிருந்து தோலுரித்த, நீளமான, இளஞ்சிவப்பு மீன் ஒன்றை எடுத்துப் போட்டாள். இங்கே இதை 'ராக்' என்று சொல்லிப் பொரித்துத் தின்பார்கள், சுறாச் சாதிதான், சின்னது என்றாள். ஆன்ட்டி விரலால் அழுத்திப் பார்த்தார். அதேதான்!

"எனக்குப் பால் வரட்டும் என்று என் அம்மா கறுப்பு பியர் ஊற்றிக் கொடுத்தாள்" என்று சொல்லிச் சிரித்தபடி மீன்காரி அதைத் துண்டு போட்டுக் கட்டினாள். ஆன்ட்டி அவள் ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "காட் பிளெஸ் யூ, மகள்" என்றார். பாதி தமிழில் சொன்னது அவருக்கே தெரியாது.

அங்கிளை ஸ்கோன் கடையில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். ஆன்ட்டியின் டெக்சஸ் போன் இங்கே ஊமையாகிக் கிடந்ததால், வழியில் யாரோடும் பேசவும் முடியவில்லை. வீடு அமைதியாக இருந்தது. தாயும் பிள்ளையும் நல்ல தூக்கம். மருத்துவச்சி வருவதற்குள் ஒரு வாயாவது உள்ளே போய்விட வேண்டும் என்று சட்டியை வைத்தார். அவித்தார், உதிர்த்தார், பிழிந்தார், வறுத்தார். சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனபோது வதனி எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது.

"கெதியாச் சாப்பிடு. அந்த மனுசி வரப்போகுது."

"அம்மா, ஷீ ஆல்ரெடி கேம். நீங்கள் சந்தையில நிக்கேக்க. பேபி கெய்ன்ட் வெயிட்! நல்லா ஏறியிருக்கு. ஆஸ்பத்திரி வேண்டாமாம்."

ஆன்ட்டி தட்டோடு அப்படியே நின்றார். "சுறா தின்னாமலோ?"

"சுறா தின்னாமல். ரெண்டு மூண்டு நாளா நான் நல்லா நித்திரை கொண்டதும் சாப்பிட்டதும்தான் காரணம், உன் அம்மாவுக்கு நன்றி சொல்லு எண்டு சொன்னா."

இத்தனை வருடம் கேட்டி முழுக்கச் சுறாவின் பெயரால் அடித்த பெருமை ஒரு நொடியில் கவிழ்ந்துபோனது. ஆன்ட்டிக்கு அதைப் பற்றி ஒரு துளி கவலையும் இல்லை. கட்டில் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, இதைப் பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போடுறன்" என்று எழுந்தார்.

"நோ வே. குடுங்கோ இஞ்ச." வதனி தட்டைப் பிடுங்கிச் சாப்பிடத் தொடங்கினாள். பாதித் தட்டு முடிந்ததும் நிமிர்ந்தாள். "அம்மா, நான் பிறந்தபோது உங்களுக்கு ஆர் சமைச்சுத் தந்தது?"

"ஆர் இருந்தது? யாழ்ப்பாணத்தில அப்ப யுத்தம், கடிதம்கூடப் போகாது. அம்மம்மாவுக்கு நீ பிறந்தது தெரியவே மாதங்கள் போச்சுது. கேட்டியில அப்ப எனக்கு ஒருத்தரையும் தெரியாது. அப்பா பாண் துண்டை வாட்டி, முட்டையும் பொரிச்சுத் தந்தார், பாவம்."

வதனி தட்டை வைத்துவிட்டு, வயிற்றுத் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, ஆன்ட்டி வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த அடுப்படிக்குப் போனாள். இன்னொரு தட்டில் சோறும் வறையும் போட்டுக்கொண்டு வந்தாள்.

"இருங்கோ. இது பிள்ளை பெத்தவளுக்கு. நீங்களும் பெத்தனீங்கள்தானே? சாப்பிடுங்கோ."

எத்தனையோ வீடுகளுக்கு வறுத்துக் கொடுத்த மனுஷி, அதைத் தட்டில் வாங்கி உட்கார்ந்து தின்றது அன்றுதான். ஒரு கவளம் வாயில் வைத்தார். கண்ணீர் கன்னத்தில் வழிந்து தாடையில் நின்றது.

"உப்புக் காணாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தார்.