அறுபது நாள் கத்தரி

விதைக்கடைக்கு வருகிறவர்கள் முதலில் படத்தைத்தான் பார்ப்பார்கள். கம்பியில் வரிசையாகத் தொங்கும் பாக்கெட்டுகளில் தக்காளி தகதகவென்று இருக்கும். வெண்டைக்காய் ஒவ்வொன்றும் ஸ்கேல் வைத்து அளந்து செய்ததுபோல் நிற்கும். அந்தப் படங்களை நம்பி வாங்கிப்போய் ஏமாறாத ஆளே கிடையாது. காலண்டரம்மா மட்டும் அந்தப் பக்கமே பார்க்க மாட்டாள். பாக்கெட் கைக்கு வந்ததும் பின்பக்கம் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு, 'அறுவடை' என்று போட்டிருக்கும் இடத்தைத் தேடுவாள். அங்கே இருக்கும் எண் அவள் மனக்கணக்குக்கு ஒத்து வந்தால் பாக்கெட் பைக்குள் போகும். ஒத்து வராவிட்டால் எவ்வளவு லட்சணமான காயாக இருந்தாலும் கம்பிக்கே திரும்பிவிடும்.

"எல்லாரும் முகத்தப் பாத்து வாங்கறாங்க, நீங்க ஒருத்தர்தான் முதுகப் பாத்து வாங்கறீங்க" என்று விதைக்கடைக்காரர் கேலி செய்வார். முகத்தைப் பார்த்து வாங்கினவர்கள் கதைதான் தெரிந்ததாயிற்றே என்பாள் அவள்.

காலண்டரம்மா என்பது ஆஸ்பத்திரியில் வைத்த பெயர். அங்கே நர்சுகளுக்கும் வார்டு ஆட்களுக்கும் டியூட்டி சார்ட் போடுவது அவள் வேலை. பச்சை ரேக்குகள் நிறைந்த ஒரு குறுகலான அறையில் உட்கார்ந்துகொண்டு, யாருக்கு எந்த நாள் பகல், யாருக்கு எந்த நாள் இரவு, யார் யாரோடு மாற்றிக்கொண்டார்கள் என்று கட்டம் போட்டு நிரப்புவாள். அடுத்த மாதம் பதினேழு என்ன கிழமை என்று கேட்டால், கேட்டவர் வாயை மூடுமுன் பதில் வந்துவிடும். யாராவது ஒரு நாளைக் கூட்டியோ குறைத்தோ லீவு எழுதிக் கொடுத்தால் அவ்வளவுதான், சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவாள். ஊருக்கெல்லாம் லீவு எழுதுகிறவளுக்குத் தன் புருஷனின் லீவு மட்டும் கைக்கு அடங்காமலே இருந்தது.

அவர் கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். பதினோரு வருஷமாகிறது. பெண் படிப்பு முடியட்டும், முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, அவள் கல்லூரிக்கே போய்விட்டாள். வருஷத்துக்கு ஒரு முறை, மூன்று வாரமோ நான்கு வாரமோ வருவார். மற்ற நாளெல்லாம் தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, பெட்டி பெட்டியாகத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். போனில் முகம் தெரிந்ததும், சாப்பிட்டாயா என்று கேட்குமுன் தோட்டம் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார். தோட்டம் என்றால் ஏதோ ஏக்கர் கணக்கில் நினைத்துவிடக் கூடாது. வாடகை வீட்டின் பின்புறம், துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே நாலு எட்டில் நடந்து முடித்துவிடலாம். அதற்குத்தான் இத்தனை விசாரணை. ஒரு நாள் அவளுக்கு எரிச்சலே வந்து, போனைக் கொடி மேல் மாட்டிவிட்டுப் போகிறேன், நீங்களும் அதுவும் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

அப்போது அவர் சிரித்துவிட்டுச் சொன்னது அவள் மனதில் தங்கிவிட்டது.

"இங்க எல்லாமே பெட்டிக்குள்ளதான் வருது. ஒரு கத்தரிக்காயச் செடியில இருந்து காம்போட பறிச்சு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? உன் தோட்டத்துல ஒண்ணே ஒண்ணு பறிக்கணும்."

கேட்டது ஒரு கத்தரிக்காய். தங்கம் கேட்டிருந்தால்கூடச் சீட்டுப் போட்டு வாங்கியிருப்பாள். இதை எந்தச் சீட்டில் சேர்ந்து எடுப்பது? கத்தரிக்கு நாளாகும் என்று ஒரு வருஷம் சீக்கிரம் காய்க்கிற வெண்டை போட்டாள். அவர் லீவு முன்கூட்டியே கிடைத்து, இரண்டு இலை விட்டிருந்தபோதே வந்து போய்விட்டார். இன்னொரு வருஷம் பீர்க்கை போட்டாள். லீவு மூன்று வாரம் தள்ளிப்போய், அவர் வந்தபோது உடம்பு தேய்க்கிற நார் மட்டும்தான் தொங்கியது. கீரை ஒரு முறை கச்சிதமாக அமைந்தது. அவரும் கிள்ளி எடுத்து, நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். ஆனால் அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் எத்தனை ரகம் உண்டு என்று அவளுக்குத் தெரியாதா?

இந்த வருஷம் லீவு தேதி கம்பெனி முத்திரையோடு கடிதமாகவே வந்துவிட்டது. இருபத்தொரு நாள். நாள் மாறாது என்று அவர் மூன்று தடவை சொன்னார். காலண்டரம்மா மறுநாளே விதைக்கடையில் போய் நின்றாள். கத்தரி விதையில் மட்டும் ஏழு தினுசு இருந்தது. நீளம், உருண்டை, பச்சை, வரி போட்டது. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்று எழுபத்தைந்து நாள், ஒன்று எண்பது. உருண்டை ஊதாவில் அறுபது என்று போட்டிருந்தது. அந்த அறுபதைப் பார்த்ததும் அவளுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. எப்போதும் கேலி பேசுகிற கடைக்காரர் அன்று யாருக்கோ உரம் நிறுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாள் கணக்கைப் போய் இன்னொருவரிடம் கேட்பதா என்ற மிதப்பு அவளுக்கு இருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவர் வருவதற்குச் சரியாக அறுபது நாள் முன்னால் விதை போட்டாள். பழைய பிளாஸ்டிக் டப்பாவில் மண் நிரப்பி, மேலே பொடி மண் தூவி, துணியை நனைத்து மூடினாள். புருஷனிடம் மூச்சு விடவில்லை. பெண்ணிடமும் உளறக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். முளைத்தது. ஆனால் அது வளர்ந்த வேகம் இருக்கிறதே, அரசாங்க ஆபீசில் கொடுத்த மனு நகர்வதைவிட மெதுவாக நகர்ந்தது. இருபத்தேழாம் நாள் ஆறு நாற்றைப் பிடுங்கித் தரையில் நட்டபோது ஒவ்வொன்றிலும் ஐந்து இலைதான் இருந்தது. இன்னும் முப்பத்து மூன்று நாளில் இது காய்க்குமா?

பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள். கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, எண்ணுக்குப் பக்கத்தில் இருந்ததை விரலால் காட்டினார். 'நடவு செய்த நாளிலிருந்து' என்று இருந்தது.

"வெண்டை, பீர்க்கை எல்லாம் போட்ட எடத்துலயே வளரும், அதனால விதைச்ச நாள்ல இருந்து எண்ணலாம். கத்தரி, தக்காளிக்கு நாத்த எடுத்து நட்டதுக்கு அப்புறம்தாம்மா கணக்கு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்றார். கேலி செய்யவில்லை. அவள் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

வழியெல்லாம் அவளுக்குத் தன்மேல் ஆத்திரமாக வந்தது. எத்தனை பேர் லீவுச் சீட்டைச் சிவப்பு மையில் சுழித்திருப்பாள்! நட்ட நாளிலிருந்து அறுபது என்றால், அவர் வந்து போய், ஆறு நாள் கழித்துத்தான் முதல் காய்.

அவர் வந்தார். தலை இன்னும் கொஞ்சம் நரைத்திருந்தது. பெட்டியை இறக்கி வைத்ததும் பின்பக்கம் போனவர், ஆறு கத்தரிச் செடியிலும் காயைத் தேடினார். அவள் தான் செய்த தப்பைச் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, காலண்டரே தப்பாகிப்போனால் உலகம் என்ன ஆவது என்று கேட்டார். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்க் கொஞ்சம் அழுதாள்.

தினமும் காலையில் டீ டம்ளரோடு துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிடுவார். எட்டாம் நாள் முதல் பூ விரிந்தது. அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் என்றால் மொத்தமே இரண்டு பேர். அப்பா இப்படி முறைத்துப் பார்த்தால் வருகிற காயும் பயந்து உள்ளே போய்விடும் என்றாள் பெண். அவர் கிளம்புகிற அன்று ஒரு செடியில் கட்டைவிரல் நுனியளவுக்கு ஒரு பிஞ்சு வந்திருந்தது. பறித்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் குனிந்து, முள் குத்தாமல் காம்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வளரட்டும் என்று விட்டுவிட்டார். வாசலில் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே. வெயிலும் தண்ணீரும் எப்படித்தான் ஒத்துப்போனதோ, ஆறு செடியும் போட்டி போட்டுக் காய்த்தன. பத்தாம் நாள் சாயங்காலம் ஒன்பது காய் பறித்தாள். பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, வதக்கவும் மனமில்லாமல், யாருக்கும் கொடுக்கவும் மனமில்லாமல் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. பாத்திரம் தெரியாதபடி போனைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

காய்த்ததா என்றார்.

"பூவெல்லாம் கொட்டிப்போச்சுங்க" என்றாள். எத்தனையோ நாளாக மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பொய்.

அவர் சற்று யோசித்துவிட்டு, "ஒரு வகையில நல்லதாப் போச்சு. காய்ச்சிருக்குன்னு தெரிஞ்சா இங்க மனசு கெடந்து அடிச்சுக்கும்" என்றார். சொல்லிவிட்டு, பரவாயில்லை, அடுத்த தடவை சரியாக எண்ணிப் போட்டுவிடலாம், விதை மட்டும் இதே உருண்டை ஊதாவாக வாங்கு என்று அவளுக்கே தைரியம் சொல்ல ஆரம்பித்தார். அந்தத் தைரியத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. போனைத் தாழ்த்தி மடியைக் காட்டினாள்.

"பொய் சொன்னேன். ஒம்பது காய் இருக்கு, செடியில இன்னும் இருக்கு. நான் எத்தனை தடவ எண்ணினாலும் உங்களுக்கும் செடிக்கும் ஒத்துவரப் போறதில்ல. எனக்குக் காயும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். நீங்க வந்துடுங்க."

பதினோரு வருஷத்தில் அவள் அதைச் சொன்னதே இல்லை. சொல்லக் கூடாது என்று அவளாகவே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அவருக்குப் பின்னால் இரும்பில் இரும்பு உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர், அந்தச் செடி எவ்வளவு நாள் இருக்கும் என்று கேட்டார்.

அவளுக்குத் தெரியவில்லை. முதல் காய் வருகிற நாளைத்தான் இத்தனை வருஷம் எண்ணியிருக்கிறாள். அதற்குப் பிறகு ஒரு செடி எத்தனை நாள் உயிரோடு நிற்கும் என்று யோசித்ததே கிடையாது. கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் விதைக்கடையில் இறங்கினாள். எதுவும் வாங்கவில்லை. காய்ப்பு ஓய்ந்ததும் கிளையை வெட்டிவிட்டு உரம் வைத்தால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வருஷம்கூட நிற்கும் என்றார் கடைக்காரர். கடை வாசலிலேயே நின்று புருஷனுக்குப் போன் செய்தாள்.

"ரெண்டு வருஷம் நிக்குமாம்" என்றாள்.

"நான் வர அவ்ளோ நாள் ஆகாது" என்றார் அவர்.

எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை.